தூத்துக்குடியில் ஓர் இரவும் மறுநாள் பகலும்: எதைப் பார்ப்பது, எதை எப்போது சாப்பிடுவது

சென்னையிலிருந்து குடும்பத்தோடு திருச்செந்தூருக்குப் போகிறீர்கள். தூத்துக்குடியில் பார்க்கவும் சாப்பிடவும் ஏதேனும் உண்டா, அல்லது ரயிலை விட்டு இறங்கியதும் நேரே கோயிலுக்குப் போய்த் திரும்பிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உடன் வரும் உங்கள் அம்மா சைவம் என்பதையும், பிள்ளைகள் மீனை விரும்பிச் சாப்பிடுவார்கள் என்பதையும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். கட்டாயம் தூத்துக்குடியில் தங்குங்கள், அதிலும் ஓர் இரவு தங்குங்கள் என்பதே என் பதில்.

இரவை வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. தூத்துக்குடி சுற்றுலாவுக்காக வளர்ந்த ஊர் அல்ல. துறைமுகம், உப்பளம், மீன்பிடி ஆகிய மூன்று தொழில்களால் வளர்ந்த ஊர். அந்தத் தொழில்கள் எந்த நேரத்தில் நடக்கின்றனவோ அந்த நேரத்தில்தான் ஊரின் அழகும் சுவையும் கிடைக்கும். விசைப்படகுகள் கரைக்கு வருவது இரவில். பரோட்டாக் கல் சூடேறுவது பொழுது சாய்ந்த பிறகு. உப்பளத்தில் வேலை நடப்பது வெயில் ஏறும் முன். இவை எதுவும் இல்லாத உச்சிப் பொழுதில் வந்து, சரக்கு லாரிகள் நிற்கும் சாலையை மட்டும் பார்த்துவிட்டு, "அங்கே ஒன்றுமில்லை" என்று சொல்லிப் போகிறவர்கள் மிகப் பலர்.

முதலில் வரிசையை முடிவு செய்துகொள்ளுங்கள். முருகனைத் தரிசிக்கும் முன் அசைவம் சாப்பிடுவதில்லை என்ற வழக்கம் பெரும்பாலான குடும்பங்களில் உண்டு. ஆகவே கோயிலை முதலில் முடித்துவிட்டு மீனுக்கு வருவதுதான் மனத்துக்கும் வயிற்றுக்கும் நல்லது. முத்துநகர் எக்ஸ்பிரஸ் உங்களைக் காலையில் தூத்துக்குடியில் இறக்கிவிடும். அறையில் பெட்டிகளை வைத்துவிட்டு, இட்லியோ பொங்கலோ சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால், ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருச்செந்தூரில் கடல் நீராடி, நாழிக்கிணற்றின் உப்பில்லாத நீரிலும் குளித்து, தரிசனத்தையும் முடித்துக்கொள்ளலாம். கடலுக்கு இவ்வளவு அருகில் நல்ல தண்ணீர் சுரக்கும் அந்தக் கிணற்றைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்டுங்கள். விசேஷ நாள்களிலும் விடுமுறை நாள்களிலும் தரிசன வரிசை மிக நீளமாக இருக்கும் என்பதால் வார நாளாகப் பார்த்து வருவது நல்லது.

அந்த 40 கிலோமீட்டர் சாலையே ஒரு வரலாற்றுச் சாலை. மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் கண்டு எழுதிய காயல் துறைமுகம், இன்று பழையகாயல் என்ற சிற்றூராகக் கடலைவிட்டு உள்ளே தள்ளி நிற்கிறது. தாமிரபரணி கொண்டுவந்து சேர்த்த வண்டல் துறைமுகங்களை ஒவ்வொன்றாகத் தூர்த்துவிட்டது; பாண்டியரின் முத்துத் துறையாக இருந்த கொற்கைக்கும் அதற்கு முன்பே அதே கதி நேர்ந்தது. கொற்கை இப்போது வயல்களுக்கு நடுவே உள்ள கிராமம். தொல்லியலில் உங்களுக்குத் தனி ஆர்வம் இல்லையென்றால் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போக நான் சொல்லமாட்டேன். பார்வைக்கு மிஞ்சியிருப்பது குறைவு. ஆற்றைக் கடந்ததும் வரும் ஆத்தூரின் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அம்மாவுக்கு வெற்றிலை போடும் பழக்கம் இருந்தால் ஒரு கவுளி வாங்கிக்கொடுங்கள். காரம் மிகுந்த வெற்றிலை என்பதால் சிறிதாகக் கிள்ளிப் போடச் சொல்லுங்கள்.

இதே சாலையில் காயல்பட்டினம் இருக்கிறது. அங்குள்ள முஸ்லிம் குடும்பங்களின் திருமண விருந்தான களறிச் சாப்பாடு, இந்தக் கரையின் சமையல்களில் மிகச் சிறந்தது என்பது என் உறுதியான எண்ணம். நெய்ச்சோறு, ஆட்டிறைச்சியில் செய்யும் களறிக் கறி, கத்தரிக்காயும் மாங்காயும் சேர்ந்த பதார்த்தம், இவற்றை சகன் எனப்படும் ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து பலர் பகிர்ந்து உண்பார்கள். இது கடையில் தேடிப் பெறும் உணவு அன்று, அழைப்பின் பேரில் கிடைப்பது. அவ்வூரில் நண்பர் யாராவது இருந்து கலியாணத்துக்குக் கூப்பிட்டால் தட்டாமல் போய்விடுங்கள்.

சொந்த வாகனம் இருந்து, தரிசனமும் முற்பகலிலேயே முடிந்துவிட்டால், திருச்செந்தூரிலிருந்து தெற்கே ஏறத்தாழ 18 கிலோமீட்டர் சென்று மணப்பாட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். கடலுக்குள் நீண்ட மணற்குன்றின் மேல் திருச்சிலுவை ஆலயம், அதன் கீழே தூய பிரான்சிஸ் சவேரியார் தங்கியதாகப் போற்றப்படும் குகை, ஒருபுறம் அலையடிக்கும் கடல், மறுபுறம் அமைதியான கழிமுகம் என்று இவ்வளவும் ஓரிடத்தில் அமைந்த கரை தமிழ்நாட்டில் வேறு எங்கும் நான் அறிந்தவரை இல்லை. கொற்கையையும் மணப்பாட்டையும் எதிரெதிரே வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு மணப்பாட்டையே சொல்வேன்.

மாலைக்குள் தூத்துக்குடிக்குத் திரும்பிவிடுங்கள். வெயில் தாழ்ந்ததும் கடற்கரைச் சாலையில் ரோச் பூங்கா பக்கமாக நடக்கலாம், அல்லது துறைமுகம் போகும் வழியிலுள்ள முத்துநகர் கடற்கரையில் பிள்ளைகளை விளையாட விடலாம். சென்னையில் பார்த்துப் பழகிய அலையை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். மன்னார் வளைகுடாவின் தீவுகளும் பவளப் பாறைகளும் அலையின் வேகத்தைத் தணித்துவிடுவதால் நகரத்தை ஒட்டிய கடல் பெரும்பாலும் குளம்போலக் கிடக்கும். தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அனுமதியின்றி அந்தத் தீவுகளில் காலடி வைக்க முடியாது. துறைமுகத்தை அடுத்துள்ள முயல் தீவு நிலத்தோடு இணைந்தது. பொங்கல் விடுமுறையில் ஊரே கட்டுச்சோற்றோடு அங்கே போகும். மற்ற நாள்களில் உள்ளே விடுகிறார்களா என்று உள்ளூரில் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

இரவு 7 மணிக்கு மேல் பரோட்டா. இவ்வூரில் பரோட்டாக் கடைகளுக்கு 'நைட் கிளப்' என்ற பெயர் வழக்கில் இருக்கிறது. பெயர்ப் பலகையைப் பார்த்துக் குடும்பத்தோடு நுழையத் தயங்க வேண்டாம், மாலையில் திறந்து நள்ளிரவு வரை நடக்கும் சாப்பாட்டுக் கடைதான் அது. இங்கே கேட்க வேண்டியது பொரிச்ச பரோட்டா. மைதா மாவை எண்ணெய் விட்டுப் பிசைந்து ஊறவைத்து, மெல்லிசாக வீசி, சுருட்டித் தட்டுவது வரை எல்லா ஊருக்கும் பொதுவான முறைதான். நடுவில் குழிந்த பெரிய கல்லில் எண்ணெயைத் தேக்கி, அதில் பரோட்டாவை மிதக்கவிட்டு, ஓரம் மொறுமொறுவென்று ஆகும்வரை பொரித்தெடுப்பது இந்தப் பக்கத்தின் முறை. இலையில் போட்டதும் கையால் நொறுக்கி, சால்னாவை நிறைய ஊற்றச் சொல்லி, இரண்டு நிமிடம் ஊறவிட்டுச் சாப்பிட வேண்டும். நொறுக்காமல் பிய்த்துத் தொட்டுச் சாப்பிட்டால் பாதிச் சுவை போய்விடும். கோழியோ காடையோ பொரித்துத் தருவார்கள். சால்னா நன்றாக அமைந்த கடையில் வேறு எதுவும் தேவைப்படாது. எண்ணெய்ப் பண்டம் என்பதால் பிள்ளைகளுக்கு இரண்டோடு நிறுத்துங்கள். கூட்டம் அதிகமுள்ள கடையாகப் பார்த்துப் போங்கள், ஏனென்றால் அங்கேதான் கல்லிலிருந்து எடுத்த பரோட்டா சூடு ஆறும் முன் இலைக்கு வரும். அம்மாவுக்கு அந்த நேரத்தில் சைவ உணவகம் ஒன்றில் இட்லியும் தோசையும் தாராளமாகக் கிடைக்கும்.

சாப்பிட்டு முடித்துக் களைப்பு இல்லையென்றால், 9 மணி வாக்கில் மீன்பிடித் துறைமுகம் பக்கம் ஒரு நடை போய்வாருங்கள். தூத்துக்குடி விசைப்படகுகள் விடியற்காலை 5 மணிக்குக் கடலுக்குப் போய் அன்றிரவே திரும்பிவிட வேண்டும் என்பது இங்குள்ள ஏற்பாடு. எனவே கடலுக்குப் போகும் நாள்களில் எல்லாம் இரவில் படகுகள் வரிசையாக வந்து நிற்க, கூடை கூடையாக மீன் இறங்க, ஏலக் குரல் எழும். வேலை செய்கிறவர்களின் வழியை மறிக்காமல் ஓரமாக நின்று பார்க்க வேண்டும். தரை முழுக்க ஈரமாக இருக்கும் என்பதால் பிள்ளைகளுக்குப் பிடிமானமுள்ள செருப்பைப் போட்டுவிடுங்கள். ஊளி, சீலா, பாறை, விளைமீன், நகரை, கணவாய், இறால் என்று தட்டில் மட்டுமே பார்த்தவற்றை முழு உருவில் காட்டிப் பெயர் சொல்லிக் கொடுக்க இதைவிட நல்ல இடம் இல்லை.

மறுநாள் விடியும் முன்பே எழுப்பிவிடுங்கள். கிழக்குக் கரை என்பதால் கடலிலிருந்து சூரியன் எழுவதைப் பார்த்துவிட்டு உப்பளங்களுக்குப் போகலாம். வடக்கே தருவைகுளம், வேப்பலோடை செல்லும் சாலையிலும், தெற்கே முள்ளக்காடு, பழையகாயல் வழியிலும் சாலையின் இரு மருங்கும் பாத்திகள் விரிந்து கிடக்கும். இந்தியாவில் உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. தமிழ்நாட்டு உப்பில் பெரும்பகுதி இந்த மாவட்டத்தில் விளைகிறது. நிலத்தடி உவர்நீரையோ கடல்நீரையோ ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு மாற்றி மாற்றிச் செறிவேற்றி, கடைசிப் பாத்தியில் படிகமாக விளையவிட்டு, அதை வாரிக் கரையில் குவிக்கிறார்கள். மழை குறைவு, காற்று அதிகம், வெயில் கடுமை என்று மற்றவர்கள் குறைசொல்லும் மூன்றும்தான் இந்தத் தொழிலை இங்கே நிலைநிறுத்தியிருக்கின்றன. தை, மாசியில் தொடங்கிப் புரட்டாசி வரை வேலை நடக்கும். வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் பாத்திகள் வெறும் நீர்ப்பரப்பாகிவிடும், அந்தக் குளிர்காலத்தில் பூநாரைகள் வந்து இறங்குவதும் உண்டு. கண் கூசும் வெண்மைக்கு நடுவே வெறுங்காலோடு நின்று உப்பு வாரும் ஆண்களும் பெண்களும் கடுமையான வேலை செய்கிறவர்கள். அவர்களைக் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம் என்பதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

முற்பகலில் பனிமய மாதா பேராலயம். இங்குள்ள மாதா சொரூபம் 1555இல் மணிலாவிலிருந்து வந்ததாகத் திருச்சபை மரபு சொல்கிறது; இப்போதுள்ள ஆலயம் 1713இல் எழுந்தது, 1982இல் அதற்குப் பேராலயத் தகுதி கிடைத்தது. 16ஆம் நூற்றாண்டில் கிறித்தவம் தழுவிய பரதவர்களின் தாய்க்கோயிலாக இது இருந்தாலும், ஜூலை 26 முதல் ஆகஸ்டு 5 வரை நடக்கும் திருவிழாவுக்கு எல்லாச் சமயத்தாரும் வருகிறார்கள். அந்த நாள்களில் வந்தால் ஊரின் முழு மலர்ச்சியைப் பார்க்கலாம், ஆனால் அறை கிடைப்பது அரிது. தங்கத் தேர் ஆண்டுதோறும் ஓடுவதில்லை. தேர்ந்தெடுத்த சிறப்பு ஆண்டுகளில் மட்டுமே ஓடும், கடைசியாக மறைமாவட்டத்தின் நூற்றாண்டையொட்டி 2023இல் இழுத்தார்கள். அம்மாவோடு போக வேண்டிய சங்கரராமேசுவரர் கோயிலும் நகருக்குள்ளேயே இருக்கிறது. சிவன் கோயில் என்று கேட்டால் எந்த ஆட்டோக்காரரும் கொண்டுபோய் விடுவார்.

பேராலயத்திலிருந்து கடற்கரைச் சாலை வழியே பழைய துறைமுகம் பக்கம் போனால் மரத்தால் கட்டிய தோணிகள் நிற்பதைக் காணலாம். மாலத்தீவுக்குக் காய்கறியும் கட்டுமானப் பொருளும் இன்றும் இவற்றில்தான் போய்க்கொண்டிருக்கின்றன. இந்தக் கடலில்தான் வ.உ. சிதம்பரம் பிள்ளை 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, 'காலியா', 'லாவோ' என்ற இரண்டு கப்பல்களைக் கொழும்புக்கு ஓட்டினார். ஆங்கிலேயக் கம்பெனி கட்டணத்தை அடிமட்டத்துக்குக் குறைத்து அவரோடு போட்டியிட்டது. 1908இல் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குத் துணைநின்ற அவரை அரசு சிறையில் அடைத்தது; கம்பெனியும் சிதைந்தது. 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட புதிய துறைமுகம் இப்போது அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. தோணிகளின் முன்னால் நிறுத்தி இந்த வரலாற்றைச் சொன்னால் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகத்தில் படித்ததைவிட ஆழமாகப் பதியும். முத்துக்குளிப்பைப் பார்க்க முடியுமா என்று அவர்கள் கேட்கக்கூடும். முடியாது. 1961க்குப் பிறகு இங்கே முத்துச் சலாபம் நடக்கவில்லை. 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் தூத்துக்குடியில் சிப்பிகளை வளர்த்து முத்து விளைவித்துக் காட்டினார்கள் என்பது மட்டும் அந்தப் பழம்பெருமையின் பிற்சேர்க்கை.

மதியச் சாப்பாட்டுக்கு வருவோம். மீன் சாப்பாட்டை 1 மணிக்குள் முடித்துவிடுவது நல்லது, நல்ல மீன் சீக்கிரம் தீர்ந்துவிடும். உட்கார்ந்தவுடன் பட்டியலைப் படிப்பதைவிட "இன்றைக்கு என்ன மீன் வந்திருக்கிறது" என்று பரிமாறுகிறவரைக் கேளுங்கள். குழம்புக்கு விளைமீனும் பாறையும், பொரிப்பதற்குச் சீலாவும் ஊளியும், முள் எடுக்கத் தெரிந்தவர்களுக்குச் சாளையும் சிறந்தவை. பிள்ளைகளுக்கு முள் குறைந்த சீலாத் துண்டு போதும். தேங்காயை மைய அரைத்துப் புளி கரைத்துவிட்ட இந்தப் பக்கத்துக் குழம்பு, மதுரைக் குழம்பைவிடக் காரம் தணிந்தது, அதனால் மீனின் சுவை அமுங்கிவிடாது.

நாளையும் காலத்தையும் பார்த்து வருவது இங்கே மிக முக்கியம். ஞாயிற்றுக்கிழமை மீனவர்கள் கடலுக்குப் போவதில்லை. அதற்கு முந்தின சனிக்கிழமை நாட்டுப்படகுகள் திரேஸ்புரத்தில் கரை சேர்வதால் அன்று மீன் வரத்து மிகுந்திருக்கும். உங்கள் மீன் சாப்பாடு சனியிலோ ஞாயிறு மதியத்திலோ அமைந்தால் நல்லது, திங்களில் அமையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். பள்ளிக் கோடை விடுமுறையும் ஏறக்குறைய அதே காலத்தில்தான் வருகிறது. அப்போது வள்ளங்கள் என்னும் நாட்டுப்படகுகளில் பிடித்த மீன் மட்டுமே உள்ளூரில் கிடைக்கும். விலை கூடினாலும் வள்ள மீன் புதியது, பனிக்கட்டியில் கிடந்து வெளியூரிலிருந்து வந்த மீனை வாங்குவதைவிட அதைக் கேட்டு வாங்குவதே மேல். தடைக்காலத்தில் இரவுத் துறைமுகக் காட்சியும் இராது. மழைக்காலத்தையும் தவிர்த்துவிடுங்கள்: 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி இந்தப் பகுதி முழுவதும் வெள்ளத்தில் துண்டிக்கப்பட்டது. என்னைக் கேட்டால் தை, மாசி மாதங்களே ஏற்றவை. பனங்கிழங்கும் அப்போதுதான் கிடைக்கும். வெயில் ஏறிவிட்டால் பதநீரும் நுங்கும்.

அம்மாவின் சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. நெல்லைச் சைவச் சமையலின் எல்லைக்குள் உள்ள ஊர் இது. தேங்காய்ப் பாலில் காய்களை வேகவைத்து எலுமிச்சை பிழிந்த சொதியும் அதற்குத் துணையாக இஞ்சித் துவையலும் கலியாண வீட்டு மறுநாள் விருந்துக்கு உரியவை. சில சைவ உணவகங்களில் குறிப்பிட்ட நாள்களில் வைப்பார்கள் என்பதால் முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். கறுப்பு உளுந்தும் அரிசியும் சேர்த்துப் பொங்கும் உளுந்தஞ்சோறு எள்ளுத் துவையலோடு கிடைத்தால் அதையும் தவறவிட வேண்டாம்.

ஆனால் இவ்வூரின் பெயர்பெற்ற இனிப்பான மக்ரூனை அவருக்குக் கொடுத்துவிடாதீர்கள். வெண்மையாக, கூம்பு வடிவில், பார்க்கச் சர்க்கரை மிட்டாய்போல இருப்பதால் பலர் சைவப் பண்டம் என்று நினைத்துவிடுகிறார்கள். அது முட்டையில் செய்வது. முட்டையின் வெள்ளைக்கருவைச் சர்க்கரையோடு சேர்த்து நுரை கெட்டிப்படும்வரை அடித்து, முந்திரித் தூளைக் கலந்து, காகிதக் கூம்பால் தட்டில் சுருள் சுருளாகப் பிழிந்து, மிதமான சூட்டில் வெகுநேரம் வைத்து உலரவிட்டு எடுக்கிறார்கள். மைதா துளியும் கிடையாது. போர்த்துகீசியரோடு வந்த பண்டம் என்று ஊரில் சொல்வார்கள்; ஐரோப்பாவில் பாதாம் போட்டுச் செய்வதை இங்கே முந்திரி போட்டுச் செய்யப் பழகிக்கொண்டார்கள். தனலட்சுமி, கணேஷ் ஆகிய பழைய பேக்கரிகள் இதற்குப் பெயர் பெற்றவை. நல்ல மக்ரூன் பல்லில் பட்டதும் நொறுங்கி, நடுவில் சிறிது இழுபட்டு, நாவில் கரைந்துவிட வேண்டும். தொட்டால் பிசுபிசுக்கிறது என்றால் காற்றுப் பட்டுவிட்டது என்று அர்த்தம். இந்த ஊரின் ஈரக்காற்று அதற்கு எதிரி. ஆகவே முதல் நாளே வாங்கி வைக்காமல், ரயிலுக்குப் புறப்படும் மாலையில் வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, கைப்பையின் மேல்பக்கத்தில் வையுங்கள். மற்றப் பெட்டிகளின் அடியில் சிக்கினால் வீட்டுக்கு வெறும் தூள்தான் போய்ச் சேரும்.

அம்மாவுக்கு வாங்க வேறு இனிப்புகள் உண்டு. அருகிலுள்ள கோவில்பட்டியின் கடலை மிட்டாய்க்கு 2020இலும், உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023இலும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கின்றன. சுக்கும் ஏலமும் சேர்ந்த சில்லுக்கருப்பட்டியைத் திருச்செந்தூர்க் கடைகளிலேயே வாங்கிவிடலாம். கருப்பட்டி வாங்கும்போது ஒரு துண்டை உடைத்து வாயில் போட்டுப் பாருங்கள்: நல்ல கருப்பட்டியின் இனிப்புக்கு அடியில் லேசான கரிப்பு இருக்கும், வெறும் இனிப்பு மட்டும் முந்திக்கொண்டு வந்தால் சர்க்கரை கலந்தது. உங்கள் வீட்டில் மீன் சமையல் உண்டு என்பதால் மாசிக் கருவாடும் வாங்கலாம். சூரை மீனை அவித்து, புகையிட்டு, கட்டைபோலக் காயவைத்தது அது. மாலத்தீவு, இலங்கைக் கடல்வழித் தொடர்பால் இங்கே நிலைத்த பண்டம். வீட்டில் இடித்துத் தூளாக்கி, சின்ன வெங்காயம், மிளகாய், தேங்காயோடு வதக்கினால் பழைய சோற்றுக்கு அருமையான துணை. வாசம் கடுமையாக இருக்கும் என்பதால் கருவாட்டை மட்டும் இரண்டு மூன்று பாலித்தீன் உறைகளில் சுற்றி, மக்ரூன் டப்பாவுக்குத் தொலைவில் வேறொரு பையில் வைத்துக்கொள்ளுங்கள்.